பதிலி உட்கவரி: மில்லிமீட்டர் அலை அளவீட்டுக்கு ஒரு சொல்

> 'மாற்று உறிஞ்சி' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியுமே?

வணக்கம் ஐயா. அளவீட்டுக்கு வழக்கமான, அலையை விழுங்கும் நுரை கிடைக்காதபோது வைக்கும் பொருளுக்கு 'மாற்று உறிஞ்சி' என்று பெயரிட்டால், செய்முறைக் குறிப்பிலேயே இடறும். ஏற்பியின் (மில்லிமீட்டர் அலையை வாங்கும் கருவி) இரைச்சல் வெப்பநிலையை, அதாவது அது தானே உண்டாக்கும் இரைச்சலை வெப்பநிலையாகச் சொல்லும் அளவை, அளக்க, கரி ஏற்றிய பாலியூரித்தேன் நுரையை ஒருமுறை 295 கெல்வின் அறை வெப்பத்திலும் மறுமுறை 77 கெல்வின் திரவ நைட்ரஜனில் தோய்த்தும் ஏற்பிக்குக் காட்டுகிறோம். நுரை நைட்ரஜனை உறிஞ்சுகிறது, அலையையும் உறிஞ்சுகிறது என்று ஒரே பத்தியில் எழுதினால் படிப்பவர் திணறுவார். நீர்மத்துக்கு உறிஞ்சல், கதிர்வீச்சுக்குப் பாடநூலில் உள்ள உட்கவர்தல். ஆகவே பொருள் 'உட்கவரி'. அந்த நுரை கிடைக்காதபோது வைப்பது 'பதிலி உட்கவரி'.

பதிலி அலையை விழுங்கினால் மட்டும் போதாது, திருப்பி அனுப்பவும் கூடாது. தண்ணீரைப் பாருங்கள். 94 கிகாஹெர்ட்சில் உள்ளே புகுந்த அலை ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் நேராக விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மேற்பரப்பிலேயே எதிரொளிக்கும். ஐசி செருகி வைக்கும் கறுப்பு நுரையிலும் கடத்துதிறன் கூடுதலாக இருந்தால் இதே தொல்லைதான். எப்பாக்சியில் கரித்தூளும் சிலிக்கன் கார்பைடு மணிகளும் கலந்து, முகத்தைப் பல அலைநீள உயரமுள்ள ஆப்புகளாக வார்ப்பதே என் தேர்வு. தடித்த வார்ப்பை நைட்ரஜனில் சட்டென்று முக்காதீர்கள், விரிசல் விடும்.

ஏற்பிப் பக்கத்து 295 கெல்வின் கதிர் 1 விழுக்காடு எதிரொளித்துத் திரும்பினாலே, 77 கெல்வின் பொருள் 79.2 ஆகத் தெரியும். சூடு, குளிர் வெளியீடுகளின் விகிதம் 2 என்றால் ஏற்பியின் இரைச்சல் 136.6 கெல்வின்; நாமோ 77 என்றே கணக்கிட்டு 141 என்று எழுதிவைப்போம்.

> ஆகவே பொருள் 'உட்கவரி'

உங்கள் சொல்லை முழுதும் ஏற்கிறேன். அதோடு, அறை வெப்பத்தில் காட்டும் உட்கவரியை 'வெப்பச் சுமை' என்னும் வழக்கையும் விட்டுவிடுவோம். குளிர்பதனத் துறையில் அது அகற்ற வேண்டிய வெப்பத்தைக் குறிக்கிறது. அறை வெப்பத்தில் இருப்பதற்கு 'வெந்நிலை உட்கவரி', நைட்ரஜனில் இருப்பதற்குத் 'தண்ணிலை உட்கவரி' என்பவை குழப்பாது.

பதிலியை ஏற்குமுன் ஒரு சோதனை அவசியம். 90 கிகாஹெர்ட்சில் அலைநீளம் 3.33 மி.மீ. அதில் கால்பங்கான 0.83 மி.மீ. தூரம் பதிலியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெளியீடு ஏறி இறங்கினால் எதிரொளிப்பு இருக்கிறது. முகத்தைச் சற்றே சாய்த்துவிட்டு மறுபடி பாருங்கள். நைட்ரஜனிலிருந்து வெளியே தூக்கிய நுரை உடனே சூடேறத் தொடங்கும், உறைபனியும் படியும். தெர்மோகோல் பெட்டிக்குள் அமிழ்ந்தபடியே வைத்து, ஏற்பியை மேலிருந்து கீழ்நோக்கித் திருப்புவது மேல். பதிலியை நகர்த்தும்போது வெளியீடு ஏறி இறங்கக் காரணமானதை, அதாவது போகும் அலையும் எதிரொளித்த அலையும் சேர்ந்து உண்டாவதை, 'நிலை அலை' என்றே எழுதலாம், புதுச்சொல் தேவையில்லை.