மறு: கனநீர்மம் வேண்டாமே, அமிழ்நீர்மம் எப்படி?

நண்பர்களே,

நிலக்கரியிலிருந்து எரிவளி (எரிவாயு) எடுத்த பழைய ஆலை நிலங்களின் மாசு பற்றிய நம் சொற்பட்டியலில் 'டிஎன்ஏபிஎல்' (DNAPL, அதாவது நீரோடு கலக்காமல், நீரைவிடக் கனமாக இருந்து அடியில் இறங்கும் தார் போன்ற நீர்மம்) என்பதற்குக் 'கனநீர்மம்' என்று போட்டிருக்கிறது. படித்ததும் எனக்கு அணு உலைகளுக்கான கனநீர் செய்யும் தூத்துக்குடி ஆலைதான் ஞாபகம் வந்தது, பாதிப் பேருக்கு அப்படித்தான் வரும். 'அடர்நீர்மம்' என்றாலும் சரிப்படாது, கெட்டியான குழம்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். நிலக்கரியைக் காற்றுப்படாமல் சுட்டு எரிவளி எடுத்த ஆலைகளின் தார் கெட்டிதான், ஆனால் 1870களில் அமெரிக்காவில் வந்த முறையில், நீராவியோடு எண்ணெய் சேர்த்துச் செய்த ஆலைகளின் தார் பெரும்பாலும் தண்ணியாகவே ஓடும். தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். அந்தக் கொஞ்சமே போதும், நிலத்தடி நீருக்குள் இறங்கிக் களிமண் அடுக்கின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் களிமண் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் நகரும், நிலத்தடி நீர் எதிர்ப்பக்கம் ஓடினாலும் சரி. நீரோட்டத்தை மட்டும் நம்பி மாசைத் தேடித் துளை போடுகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். அதனால் பெயரில் அமிழ்வது தெரிய வேண்டும்.

இந்தப் பெயருக்கு 'நீரில் கரையாத' என்று முன்னொட்டு சேர்ப்பதையும் ஏற்க முடியவில்லை. கரைதல் வேறு, கலத்தல் வேறு. தாரிலுள்ள பென்சீனும் நாப்தலீனும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டேதான் இருக்கும், ஆலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் கிணற்று நீரில் மாசு வருவது அதனால்தான். ஆனால் தார் நீரோடு கலக்காது, தனியாகவே நிற்கும். களத்தில் பார்க்கும் சோதனையே அதைக் காட்டிவிடும்: துளையிலிருந்து எடுத்த மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரோடு போட்டு, 'சூடான் 4' சாயம் ஒரு சிட்டிகை சேர்த்துக் குலுக்கினால், தண்ணீர் நிறம் மாறாது, தார்த் துளிகள் மட்டும் சிவந்து தெரியும். (அந்துருண்டை வாடை அதற்கு முன்பே மூக்கில் ஏறியிருக்கும், அது வேறு கதை.)

ஆகவே என் பரிந்துரை: பொதுப்பெயர் கலவாநீர்மம். டீசல், பெட்ரோல் போல மேலே நிற்பது மிதநீர்மம், தார் போல இறங்குவது அமிழ்நீர்மம். அமிழ்து மாதிரி ஒலிக்கிறதே என்று யாராவது கேலி செய்வார்கள், செய்யட்டும்.

இன்னொன்று, இந்த நிலங்களைச் சரிசெய்வதற்கு 'தூய்மையாக்கல்' என்ற சொல். நியூயார்க் நகரத்து புரூக்ளினின் கோவானஸ் கால்வாயைப் பாருங்கள், கரையோரம் மூன்று எரிவளி ஆலைகள் இருந்தன, 2010இல் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் (மாசு மிகுந்த இடங்களுக்கான அமெரிக்க அரசின் பட்டியல்) ஏறியது, அடிச்சேற்றை உள்ளூர்க்காரர்கள் 'கருப்பு மயோனைஸ்' என்கிறார்கள். தூர்வாருதல் 2020இல்தான் முழுவீச்சில் தொடங்கியது. சேற்றை அள்ளிய பிறகும் அடியில் இருக்கும் மண்ணில் தார் மிச்சம் இருக்கும், அது மேலே கசியும் இடங்களில் சிமென்ட் கலந்து இறுக வைத்து, எண்ணெய்ப் பொருளைப் பிடித்துக்கொள்ளும் களிமண் உட்பட அடுக்கடுக்காக மூடுவதுதான் திட்டம். அதைத் தூய்மை என்று எழுதினால் எல்லாம் போய்விட்டது என்றுதான் வாசகர் நினைப்பார். மாசை இருந்த இடத்திலேயே கட்டிப்போடுவதற்கு 'மாசுக்கட்டு' என்று போடலாமா? அகற்றலுக்கு 'மாசகற்றல்' தனியாக இருக்கட்டும்.

எரிவளியைச் சுத்திகரித்த இரும்பு ஆக்சைடு பூசிய மரச்சிராய்களும் இந்த நிலங்களில் புதைந்து கிடக்கும், சயனைடு ஏறி அடர்நீலமாக. 'நீலச்சிராய்' என்று வைத்திருக்கிறேன், இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள், பட்டியலில் மாற்றிவிடுகிறேன்.