தலையில் அடிபட்ட மகள் நடக்கலாமா, படுத்தே இருக்கணுமா?

கோல்கீப்பர் அம்மா:
மகளுக்கு 15 வயது, கால்பந்தில் கோல்கீப்பர். போன வாரம் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது எதிரணிப் பெண்ணின் முழங்கால் நெற்றிப்பொட்டில் இடித்துவிட்டது. மயக்கம் இல்லை. ஆனால் "ஸ்கோர் என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஸ்கேன் நார்மல், கன்கஷன்தான் (அடியில் மூளை அதிர்ந்து கொஞ்ச நாள் தடுமாறுவது), ரெஸ்ட் எடுக்கட்டும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து திரை போட்ட அறையில் படுக்க வைத்திருக்கிறேன். போன் இல்லை, பள்ளி இல்லை. தலைவலி குறைந்திருக்கிறது. ஆனால் ராத்திரி தூக்கம் வருவதில்லை, தொட்டதற்கெல்லாம் அழுகிறாள். "கொஞ்சம் நடந்துட்டு வரேம்மா" என்று கெஞ்சுகிறாள். விடலாமா?

பிசியோ அக்கா:
விடுங்கம்மா, கூடவே நீங்களும் நடங்க. அடிபட்ட பிள்ளைகளை மறுபடி ஆட்டத்துக்குத் தயார் செய்வதுதான் என் வேலை. இருட்டறையில் அடைத்து வைப்பதெல்லாம் பழைய முறை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச நிபுணர்கள் சொன்னது இதுதான்: முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, அப்போதும் வீட்டுக்குள் நடமாடலாம். போன், டிவியைக் குறைப்பதும் அந்த இரண்டு நாளுக்குத்தான். பிறகு மெல்ல நடை, நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள். நாள் கணக்கில் படுத்தே கிடந்தால் தூக்கம் கெடும், மனசு வாடும், தலை பாரமாகும். கடைசியில் அடியால் வந்த தலைவலி எது, படுத்துக் கிடந்ததால் வந்தது எது என்றே பிரிக்க முடியாது.

அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகக் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று: 13 முதல் 18 வயது வரை 103 விளையாட்டுப் பிள்ளைகள். ஒரு பிரிவுக்கு அளவான ஏரோபிக் பயிற்சி (நடை, சைக்கிள் மாதிரி இதயத் துடிப்பைக் கூட்டுவது), இன்னொன்றுக்கு உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். முதல் பிரிவில் பாதிப் பேர் தேற 13 நாள் ஆனது, மற்றதில் 17.

கிளம்பும் முன் "தலைவலி பத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்க. மூணு என்றால், நடக்கும்போது ஐந்து வரை போகலாம், ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திட்டு மறுநாள் இன்னும் மெதுவா நடங்க. சமதளத்தில், பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில் கால் மணி நேரம் போதும்.

தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், எழுப்பினால் எழாத தூக்கம் என்று எது வந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்க.

கூடைப்பந்து அப்பா:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் பையனுக்கும் இதே கதை. இப்போது வலியே இல்லை, நன்றாக ஓடுகிறான். சனிக்கிழமை மேட்சில் இறக்கலாமா? பயிற்சியாளர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பிசியோ அக்கா:
கூடாது சார். ஓடுவது வேறு, இடிபடுவது வேறு. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆறாத மூளையில் இன்னொரு அடி விழுந்தால் குணமாக ரொம்ப நாள் இழுக்கும். அபூர்வமாக மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் தனியாக டிரிபிளிங், பந்து எறிதல். அது ஒத்துக்கொண்டு, ஓடி வியர்த்த பிறகும் தொந்தரவு எதுவும் திரும்பவில்லை என்றால் டாக்டரிடம் காட்டி அனுமதி வாங்குங்க. பிறகு குழுவோடு மோதல் இல்லாத பயிற்சி, அப்புறம் முழுப் பயிற்சி, அதற்கும் பிறகுதான் மேட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். இந்த வயதில் முழுசாகத் தேற நாலு வாரம் வரை ஆவது சகஜம் என்று பயிற்சியாளரிடமே சொல்லுங்க.

கோல்கீப்பர் அம்மா:
சாயங்காலம் கூட்டிப் போனேன் அக்கா. தலைவலி மூணிலிருந்து நாலானது, வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட்டது. ராத்திரி தூங்கவும் செய்தாள். பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்?

பிசியோ அக்கா:
நல்ல சேதி! வலி முழுக்கப் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாளைக்கே அரை நாள் அனுப்பிப் பாருங்க. கண் கூசினால் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்காரட்டும், நடுநடுவே இடைவெளி வேண்டும், பரீட்சையைத் தள்ளிப்போட டீச்சரிடம் கேளுங்க. பாடத்தில் முழு நாளும் தொந்தரவில்லாமல் உட்கார முடியும்வரை கோல்போஸ்ட் பக்கம் அனுப்பாதீங்க.