மாதச் சம்பளம் இல்லாத ஆள் எந்தக் கணக்குத் திறக்கிறது?

தையல்மெசின், கோப்பாய்
வீட்டில சாறி பிளவுஸ் தைக்கிறன். பொங்கல், நல்லூர்த் திருவிழா, தீபாவளி நேரம் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல வரும். கலியாணம் இல்லாத மாதத்தில பத்தாயிரமும் தேறாது. கனடாவில இருந்து அண்ணா இடைக்கிட காசு அனுப்புவார். வங்கிப் படிவத்தில 'மாத வருமானம்', 'தொழில் வழங்குநர்' எண்டு பெட்டி இருக்கு. வெறுமையா விடலாமோ? ஒரு கடைக்காரர் காசோலைதான் தருவாராம், அதுக்கு நடைமுறைக் கணக்கு (கரண்ட் அக்கவுண்ட்) வேணுமோ? வட்டி கூடத் தாற வங்கி எது?

கவுண்டர்ப்பக்கம்
வெறுமையா விடாதேங்கோ தங்கச்சி, பூச்சியமும் போடாதேங்கோ. பூச்சியம் எழுதின கணக்குக்கு கனடாக் காசு மூண்டு லட்சம் வந்தா, எங்கால வந்தது எண்டு வங்கி கேட்டே தீரும். காசு தூயதாக்கலைத் தடுக்கிற சட்டப்படி அவை கேக்க வேணும்.

ஒரு வருட வரவைக் கூட்டி 12ஆல் பிரியுங்கோ. 4,80,000 எண்டா மாத வருமானம் 40,000. 'எதிர்பார்க்கும் மாத வரவு' எண்ட பெட்டி வேற. அங்க சராசரி இல்லை, கூட வாற மாதத்துக் கணக்கைப் போடுங்கோ. தொழில் வழங்குநர் இடத்தில 'சுயதொழில், தையல்'. வருமான மூலத்தில 'வெளிநாட்டில் உள்ள சகோதரர் அனுப்பும் பணம்' எண்டதையும் சேருங்கோ.

கரண்ட் பில் அப்பாவின்ர பேரில எண்டா விதானையாரிட்ட (கிராம அலுவலரிட்ட) வதிவிடச் சான்று எடுத்து, பிரதேச செயலகத்தில மேலொப்பம் வாங்கிக்கொண்டு போங்கோ. அதில தொழிலையும் குறிக்கச் சொன்னா ஒரு அலைச்சல் மிச்சம்.

சுன்னாகம் சந்தை
வட்டியை மட்டும் பாத்து வங்கியைத் தெரிவு செய்யாதேங்கோ. 20,000 ரூபா வருடம் முழுக்கக் கிடந்தா, 3 வீதத்துக்கு 600 ரூபா. அரை வீதம் கூடத் தந்தா மேலதிகமா 100 ரூபாதான். ரவுனுக்கு ரண்டு தரம் பஸ்ஸில போய்வரவே அது காணாது.

நீங்கள் கேக்க வேண்டியது வேற: கணக்கில வைக்க வேண்டிய ஆகக் குறைஞ்ச மிச்சம் எவ்வளவு, அதுக்குக் கீழ போனா என்ன வெட்டுவினம், ஏ.ரி.எம். காட்டுக்கு வருடக் கட்டணம் எவ்வளவு, குறுஞ்செய்திக்கு எவ்வளவு. வரும்படி இல்லாத மாதத்திலதான் இதெல்லாம் கடிக்கும். வீட்டுக்குக் கிட்ட எந்த வங்கியின்ர ஏ.ரி.எம். இருக்கெண்டும் பாருங்கோ, வேற வங்கி மெசினில எடுத்தா ஒவ்வொரு தரமும் காசு வெட்டும்.

தையல்மெசின்
தபால் கந்தோரில தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கு வைக்கலாம் எண்டினம். கூட்டுறவுக் கிராமிய வங்கியும் கிட்ட இருக்கு.

கவுண்டர்ப்பக்கம்
தேசிய சேமிப்பு வங்கி வைப்புக்கு அரசாங்கத்தின்ர முழு உத்தரவாதம் இருக்கு. மற்ற உரிமம் பெற்ற வங்கிகளில வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில ஒரு ஆளுக்கு 11 லட்சம் வரை. கூட்டுறவுக் கிராமிய வங்கி கூட்டுறவுச் சங்கத்தின்ர, அங்கத்தை வைப்பு அந்தக் காப்புறுதிக்குள்ள வராது. சின்னத் தொகைக்குச் சரி, பெரிசா வையாதேங்கோ.

காசோலைக்கு நடைமுறைக் கணக்கு தேவையே இல்லை. வாற காசோலையைச் சேமிப்புக் கணக்கில போட்டா பொதுவா அடுத்த வேலைநாளில காசாகும். நடைமுறைக் கணக்கு நீங்கள் காசோலை எழுதிக் குடுக்கத்தான், வட்டியும் பொதுவா இல்லை. ஆனா ஒண்டு, கடைக்காரர் அடையாள அட்டையில இருக்கிற பேருக்குத்தான் எழுத வேணும். '… ரெயிலர்ஸ்' எண்டு எழுதினா, வியாபாரப் பெயர்ப் பதிவும் அந்தப் பேரில கணக்கும் இல்லாமல் மாத்தேலாது. அண்ணாவுக்கும் அடையாள அட்டையின்ர இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலையே குடுங்கோ. முதலெழுத்து மாறினாலே காசு தொங்கி நிக்கும்.

மானிப்பாய் மணியம்
வட்டியில 10 வீதம் நிறுத்திவைப்பு வரி வெட்டுப்படும். வருட வருமானம் 18 லட்சத்துக்குக் கீழ எண்டா, ரின் இலக்கத்தோட (வரி செலுத்துநர் அடையாள இலக்கம்) வங்கிக்கு ஒரு பிரகடனம் குடுத்து நிப்பாட்டலாம். ஏப்ரல் தொடங்கிற ஒவ்வொரு வரி வருடத்துக்கும் புதுசாக் குடுக்க வேணும். இரண்டு வங்கி எண்டா இரண்டு இடத்திலயும்.

சுன்னாகம் சந்தை
நல்ல மாதக் காசை என்ன செய்யிறது எண்டு ஆரும் சொல்லேல்லை. இரண்டு சேமிப்புக் கணக்கு வையுங்கோ. வாறதெல்லாம் காட் இல்லாத ஒண்டுக்குப் போகட்டும். முதலாம் திகதி வீட்டுச்செலவுக்கு ஒரே அளவான தொகையை மற்றதுக்கு நீங்களே மாத்துங்கோ. தானா மாறுற நிலையான கட்டளை வேண்டாம், மிச்சம் காணாத மாதத்தில அது தவறி, சில இடத்தில கட்டணமும் வெட்டும்.

ஒரு லட்சம் சேர்ந்தா நிலையான வைப்பை ஒண்டாப் போடாதேங்கோ. வங்கி விட்டா 25,000 படி நாலு. அவசரத்துக்கு ஒண்டை உடைச்சா அதின்ர வட்டிதான் குறையும், மற்ற மூண்டும் அசையாது.

தையல்மெசின்
நாலு வைப்புக்கும் நாலு பத்திரம் தருவினமோ?

சுன்னாகம் சந்தை
ஓம், ஒவ்வொண்டுக்கும் தனிப் பத்திரம். முதிர்வுத் திகதிகளைக் கலண்டரில எழுதி வையுங்கோ. தானாப் புதுப்பிக்கச் சொல்லி விட்டா, பொங்கலுக்கு நூல், லைனிங் வாங்க எடுக்க நினைச்ச காசு திரும்பவும் ஆறு மாதம் பூட்டுப்பட்டிடும்.