பிஎம் 2.5 அளவு ஒன்றாக இருந்தால் நுரையீரலுக்குப் பாதிப்பும் ஒன்றா?

கேள்வி – நெய்தல்
கடற்கரை ஓரம் மானி பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுள்ள நுண்துகள், கனமீட்டருக்கு 35 மைக்ரோகிராம் என்று காட்டுகிறது. பஸ் டிப்போ வாசலிலும் அதே 35 என்று வைத்துக்கொள்வோம். எடை ஒன்றுதான், உள்ளே போய்ச் செய்கிற வேலையும் ஒன்றுதானா? ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள், துகள் விழுந்த இடத்திலிருந்து என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. வைட்டமின் சி மாத்திரை உதவுமா?

பதில் – கரித்தூள்
ஒன்றே இல்லை. மூச்சுக்குழாயிலும் காற்றறைகளிலும் செல்களின் மேல் மெல்லிய திரவப்படலம் இருக்கிறது. துகள் முதலில் விழுவது அதில்தான். வைட்டமின் சி, யூரிக் அமிலம், குளுட்டாதயோன் மூன்றும் அங்கே காவலுக்கு நிற்கின்றன. குளுட்டாதயோன் ரத்தப் பிளாஸ்மாவில் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல்.

கடல் உப்பு அதில் கரைந்துவிடும், அவ்வளவுதான். டீசல் கரியில் ஒட்டியிருக்கும் குயினோன் என்ற கரிமச் சேர்மம் அப்படியல்ல. காவல் மூலக்கூறிடமிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனுக்குக் கொடுக்கும், சூப்பர்ஆக்சைடு என்ற வினைத்துடிப்புள்ள ஆக்சிஜன் உண்டாகும், குயினோன் பழையபடி குயினோனாகி அடுத்த எலக்ட்ரானுக்குத் தயார். தான் தீராமல் மற்றதைத் தீர்க்கிறது, அதனால்தான் எடை கொஞ்சமாக இருந்தும் சேதம் அதிகம். சூப்பர்ஆக்சைடிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். பிரேக் தூசியில் வரும் இரும்பு, செம்பு அதைப் பிளந்து ஹைட்ராக்சில் ரேடிக்கலாக்கும். அது பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எதையும் விடாது. காவலை மீறி இப்படி நடப்பதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள்.

சுமை குறைவென்றால் செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்ற புரதம் விடுபட்டு, குளுட்டாதயோன் தயாரிக்கும் நொதிகளைக் கூட்டிச் சமாளிக்கும். மீறினால் என்எஃப்-கப்பா பி என்ற இன்னொரு புரதம் வழியாக அழற்சிச் சமிக்ஞை போய் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் திரளும். அவையும் சூப்பர்ஆக்சைடைத்தான் கொட்டும். புகை நின்ற பிறகும் இருமல் நிற்காததற்கு இது ஒரு காரணம்.

பதில் – பீக்கர்
எடைக்குப் பதிலாக, காவல் மூலக்கூறுகளைத் தீர்க்கும் இந்தத் திறனையே ஆய்வகத்தில் அளக்கலாம். வடிதாளில் பிடித்த துகளின் சாற்றை 7.4 பிஎச் பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் கரைசல்), 37 டிகிரியில், காவல் மூலக்கூறுக்குப் பதிலாக நிற்கும் டிடிடி (டைதையோத்ரெய்ட்டால்) 100 மைக்ரோமோலாருடன் வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து வினையை நிறுத்தி, மிச்ச டிடிடியுடன் சேர்ந்து மஞ்சள் நிறம் தரும் டிடிஎன்பியைச் சேர்த்து 412 நானோமீட்டர் ஒளியில் படிக்கவேண்டும். டிடிடி குறையும் வேகம்தான் விடை. சொதப்புவது பெரும்பாலும் பஃபரில்: அதில் உலோகம் துளி கலந்திருந்தாலும் துகளே இல்லாமல் டிடிடி தீரும். உலோகத்தைப் பிடித்துவைக்கும் செலெக்ஸ் ரெசின் வழியாகப் பஃபரை ஓட்டிவிடுங்கள். துகள் படாத வடிதாளையும் அளந்து கழியுங்கள். இன்னொன்று, டிடிடி சோதனைக்கு இரும்பு சரியாகத் தெரியாது. பிரேக் தூசிதான் சந்தேகம் என்றால் வைட்டமின் சி குறைவதை 265 நானோமீட்டரில் பார்க்கும் சோதனையையும் சேர்த்துச் செய்யவேண்டும்.

கடற்கரை 35ஐயும் அப்படியே நம்பாதீர்கள். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்துகள் நீர் குடித்து ஊதும். ஒளிச்சிதறலில் ஓடும் மலிவு மானி அதை அதிகமாகக் காட்டும்.

பதில் – கரித்தூள்
மாத்திரைக்கு வருகிறேன். மெக்சிகோ நகரத்தில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்குத் தினம் 250 மில்லிகிராம் வைட்டமின் சியும் 50 மில்லிகிராம் வைட்டமின் ஈயும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் முடிவு வந்தது. ஆஸ்துமா ஓரளவு கடுமையாக இருந்தவர்களிடம் ஓசோனால் வரும் மூச்சுத்திறன் இறக்கம் தணிந்தது. அதை வைத்து எல்லோரும் மாத்திரை விழுங்கவேண்டும் என்று சொல்லமுடியாது. வினைமுடிந்த இரும்பைத் திரும்ப வினைக்குத் தயாராக்குவதும் இதே வைட்டமின் சிதான் என்பதை மறக்கவேண்டாம்.

கேள்வி – நெய்தல்
அப்படியானால் என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு ஓட்டப்பயிற்சி செய்தால் போதுமா?

பதில் – பீக்கர்
மூக்குப்பாலத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால் துகளுக்குப் போதும். ஓசோனும் நைட்ரஜன் டைஆக்சைடும் வாயு, நேராக உள்ளே போகும். வெயில் ஏறிய பிற்பகலில் ஓசோன் உச்சம். பனிக்கால விடியலில் புகை தரையோடு தங்கும். அந்த மாதங்களில் காலை எட்டு, ஒன்பதுக்கு மேல், டீசல் வண்டி ஓடாத தெருவில் ஓடுங்கள். வீட்டுக்குக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினால் அயனி வெளியிடும் வகை வேண்டாம், சில ஓசோனையே உண்டாக்கும். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி மட்டும் உள்ளதாகப் பாருங்கள்.