வலாந்தேன் என்ற பெயரைக் குழந்தைக்குச் சூட்டலாமா?

உப்பளத்தான் (புதுச்சேரி):

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு மூன்று வாரங்களுக்கு முன் ஆண் குழந்தை பிறந்துள்ளது. என் மனைவியின் கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுப் படையில் பணியாற்றி, ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிய சொல்தா, அதாவது படைவீரர். அவர் பெயர் வலாந்தேன். தெருவார் வாயில் அது தேய்ந்து 'தேன் தாத்தா' ஆகிவிட்டது. அவருடைய கல்லறை எங்கள் உப்பளம் பகுதியில் இருக்கிறது. கடற்காற்றில் கல் பொரிந்துபோய், பெயரின் முதல் எழுத்தும் கடைசி மூன்று எழுத்துகளும் மட்டுமே இன்று மிஞ்சியுள்ளன. ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றியதும், என் மாமியார் அந்தக் கல்லை விரலால் தடவிப் பெயரை முழுவதுமாக ஒருமுறை உச்சரிப்பார். அவருக்கு வயது எழுபத்தெட்டு. பேரனுக்கு அந்தப் பெயரை வைக்க வேண்டும் என்பது அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை.

என் அக்காவும் அத்தானும் ஒப்பவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் அது வாலண்டைன்தானே, பிப்ரவரி 14 வந்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் படாத பாடு படுத்துவார்கள் என்கிறார்கள். அந்த ஒரு நாளைத் தவிர இந்தப் பெயருக்கு வேறு வரலாறே இல்லையா? இப்பெயரைத் தாங்கி, சொல்லிக்கொள்ளும்படி வாழ்ந்தவர்கள் யார் யார்? அக்காவிடம் எடுத்துச் சொல்ல எனக்குச் செய்தி வேண்டும்.

மஞ்சக்குப்பம் ஆசிரியர் (கடலூர்):

தம்பி, முதலில் பெயரின் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இலத்தீனில் 'வாலென்ஸ்' என்றால் வலிமையுடையவன், நலமுடையவன். அதிலிருந்து பிறந்ததே இந்தப் பெயர். நம்முடைய 'வல்லவன்' என்ற சொல்லோடு ஒலியும் பொருளும் ஒத்திருப்பது தற்செயலே என்றாலும், அந்த ஒப்புமை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் பக்கத்துக் கிறித்தவர்கள் புனிதர் பெயர்களைத் தமிழாக்குவதில் தயங்கியவர்கள் அல்லர். பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும் அழைத்தார்கள். வீரமாமுனிவரும் 'கொன்ஸ்தான்சோ' என்ற தம் பெயரைத் தைரியநாதர் என்றே முதலில் மொழிபெயர்த்துக்கொண்டார். அதே வழியில் போனால் உங்கள் பிள்ளை வல்லவன்.

பிப்ரவரி 14க்கு உரிய புனிதரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது மிகக் குறைவு. மூன்றாம் நூற்றாண்டில் மறைசாட்சியாக, அதாவது தம் மத நம்பிக்கைக்காக உயிர்விட்டு, ரோம் நகருக்கு வெளியே ஃபிளமீனியச் சாலையோரம் அடக்கம் செய்யப்பட்டவர் என்பதே அடிப்படைச் செய்தி. ரோமில் குருவாக இருந்தவர் ஒருவர், தெர்னி நகரின் ஆயர் மற்றொருவர் என இருவர் பேசப்படுகிறார்கள். இருவரும் ஒருவரே என்று கருதுவோரும் உண்டு. படைவீரர்கள் மணம் புரியக் கூடாது என்று பேரரசன் தடை விதித்தான், இவர் மறைவாக மணம் செய்துவைத்தார் என்று இப்போது பரவலாகச் சொல்லப்படும் கதை மிகவும் பிற்காலத்தது. காதலோடு அந்த நாளை இணைத்தது பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் என்ற ஆங்கிலக் கவிஞர் பாடிய கவிதை. அன்று பறவைகள் கூடித் தத்தம் இணையைத் தேர்ந்தெடுப்பதாக அவர் பாடினார். ஆக, புனிதரின் இறப்புக்கும் காதலர் கொண்டாட்டத்துக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. 1969ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் உரோமைப் பொது நாள்காட்டியிலிருந்து வாலண்டைன் நினைவு நீக்கப்பட்டது. மறைசாட்சியர் பட்டியலில் அவர் பெயர் இன்றும் இருந்தாலும், பிப்ரவரி 14 அன்று காலைத் திருப்பலியில் நீங்கள் கேட்பது சிரில், மெத்தோடியஸ் ஆகிய வேறு இரு புனிதர்களின் பெயர்களைத்தான்.

இதே வேரிலிருந்து கிளைத்த வாலென்டினியன் என்ற பெயரில் ரோமப் பேரரசர்கள் ஆண்டிருக்கிறார்கள். முதலாம் வாலென்டினியன் 364 முதல் 375 வரை ஆண்டவர். 827இல் வாலண்டைன் என்ற பெயரில் ஒரு திருத்தந்தையும் இருந்தார், ஏறத்தாழ நாற்பதே நாட்கள். அரசர்களையும் திருத்தந்தையரையும் விட உங்கள் பிள்ளைக்கு நெருக்கமானவர்களை மற்றவர்கள் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

மில்காரர் மகள் (முதலியார்பேட்டை):

அண்ணா, என் பெயர் வாலண்டினா. என் தாத்தாவும் அப்பாவும் பஞ்சாலைத் தொழிலாளர்கள். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட பன்னிரண்டு தொழிலாளர்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டே வளர்ந்த வீடு எங்களுடையது. அந்த வீட்டில் பெண் குழந்தைக்கு இந்தப் பெயரை வைத்ததற்குக் காதலர் தினம் காரணமில்லை. விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் வாலண்டினா தெரஷ்கோவா ஒரு துணி ஆலைத் தொழிலாளி என்பதுதான் காரணம்.

அவர் 1937 மார்ச் 6 அன்று யாரோஸ்லாவல் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். தந்தை டிராக்டர் ஓட்டுநர், போரில் இறந்துவிட்டார். தாயும் துணி ஆலையில்தான் வேலை பார்த்தார். விமானப் படையில் பயின்றவர் அல்லர். ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே வான்குடை கட்டிக் குதிக்கப் பழகியிருந்த அந்தத் தகுதியே அவரைத் தேர்வு வரை கொண்டு சென்றது. 1963 ஜூன் 16 அன்று வஸ்தோக் 6 கலத்தில் புறப்பட்டு, ஏறத்தாழ 71 மணி நேரத்தில் பூமியை 48 முறை தனியாகச் சுற்றிவிட்டு இறங்கினார். அப்போது அவருக்கு வயது 26. வானொலியில் அவரை அழைத்த குறிப்பெயர் 'கடற்புறா'.

இதில் இன்னொரு செய்தி உண்டு. அதைச் சொல்லாமல் என் அப்பா என்றைக்கும் பேச்சை முடித்ததில்லை. அவரைச் சுமந்து சென்ற ராக்கெட்டின் முதற்கட்ட எஞ்சின்களை உருவாக்கிய குழுவின் தலைவர் பெயர் வலந்தீன் குளூஷ்கோ. வலந்தீன் மூட்டிய நெருப்பில் வாலண்டினா மேலே போனார் என்பார் அப்பா. இரண்டு ஷிப்டு பார்த்துவிட்டு, தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் துகள் படிந்திருக்க, திண்ணையில் உட்கார்ந்து அவர் இதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் கண்முன் நிற்கிறது. பள்ளியில் என்னைக் கேலி செய்தார்களா என்றால், செய்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். எட்டாம் வகுப்பில் ஒருநாள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். மறுநாள் தெரஷ்கோவாவின் படத்தை எடுத்துப்போய் வகுப்பில் காட்டினேன். அதற்குப் பிறகு பிப்ரவரி மாதங்கள் எனக்குக் கடினமாக இருக்கவில்லை.

தொடுபுள்ளி (வில்லியனூர்):

பார்வையற்ற பிள்ளைகளுக்கு எழுத்து கற்பிக்கும் பணியில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் மாமியார் கல்லை விரலால் தடவிப் பெயர் சொல்கிறார் என்று படித்ததும், அடுத்த வரிக்குப் போக எனக்குச் சற்று நேரமாயிற்று. விரலால் தடவிப் படிக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் பெயரே வலாந்தேன். முழுப்பெயர் வலாந்தேன் அவூய், பிரான்சு நாட்டவர், 1745இல் பிறந்தவர்.

1771இல் பாரிசில் ஒரு சந்தையில், பார்வையற்றவர்கள் சிலருக்குக் கோமாளி உடையும் கண்ணாடியும் மாட்டி, கையில் இசைக்கருவிகளைக் கொடுத்து அபசுரமாக வாசிக்க விட்டுக் கூட்டம் சிரிப்பதை அவர் பார்த்தார். அந்தக் காட்சி தம்மை உலுக்கியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1784இல் பார்வையற்ற இளைஞர் ஃபிரான்சுவா லெசியூரைத் தம் முதல் மாணவராக ஏற்றார். லெசியூர் அதுவரை பிச்சையெடுத்துப் பிழைத்தவர். அச்சிட்ட தாளின் பின்புறத்தில் மேடிட்டிருந்த எழுத்தை லெசியூரின் விரல் தற்செயலாகக் கண்டுகொண்டது என்று சொல்லப்படுவதுண்டு. எப்படித் தொடங்கியிருந்தாலும், ஈரத் தாளில் பெரிய எழுத்துகளை அழுத்தி மேடாக்கி நூல்கள் அச்சிடும் முறையை அவூய் உருவாக்கினார். 1785இல் பாரிசில் அவர் நிறுவியதே பார்வையற்றோருக்கான உலகின் முதல் பள்ளி எனக் கருதப்படுகிறது. லூயி பிரெய்ல் பத்து வயதுச் சிறுவனாக 1819இல் வந்து சேர்ந்தது அதே பள்ளியில்தான். அவூயின் நூல்கள் கனமானவை. அவற்றை மெதுவாகத்தான் படிக்க முடிந்தது. வளைவும் நெளிவுமான எழுத்தை விரல் பின்தொடரத் திணறும், ஆறு புள்ளிகளோ ஒரே தொடுதலில் விரல்நுனிக்குள் அடங்கும். பிரெய்ல் தம் பதினைந்தாம் வயதுக்குள் கண்டறிந்தது அதைத்தான். ஆனால் பள்ளியும் தொட்டுப் படிக்கும் எண்ணமும் முன்பே இருந்ததால்தான் அந்தச் சிறுவனுக்கு அது வாய்த்தது.

என் மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு முதன்முதலாகத் தன் பெயரைத் தமிழ் பிரெய்லில் ஊசியால் குத்தி, தாளைத் திருப்பித் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடியும் மறுபடியும் தடவிக்கொண்டே இருந்தாள். வலாந்தேன் என்று ஒரு பிள்ளைக்குப் பெயர் வைத்தால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த விரல்தான்.

நாற்பத்தாறு (காலாப்பட்டு):

அண்ணா, உங்கள் மகன் வளர்ந்ததும் அவனோடு படிக்கும் பையன்களுக்கு இந்தப் பெயரில் முதலில் தெரியப்போகிறவர் வாலண்டினோ ரோஸ்ஸியாகத்தான் இருப்பார். இத்தாலிய மோட்டார் சைக்கிள் பந்தய வீரர், பிறந்தது 1979 பிப்ரவரி 16, வென்ற உலகப் பட்டங்கள் ஒன்பது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால், கடந்துபோகும் வண்டிகளில் மஞ்சள் நிறத்தில் 46 என்ற எண் ஒட்டியிருப்பதைக் காணலாம். அது அவருடைய எண், அவருக்கு முன் அவர் தந்தை ஓட்டிய எண். 2021இல் ஓய்வு பெற்றுவிட்டார். ஒட்டுத்தாள் இன்னும் உரியவில்லை.

பாரதி வீதி வாசகர் (புதுச்சேரி):

மேலே எழுதியவர்களோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் பெயர் நல்லவர்களுக்கு மட்டும் வாய்ப்பதில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். லண்டன் 'டைம்ஸ்' இதழாளர் இக்னேஷியஸ் வாலண்டைன் சிரோல், 1910இல் வெளியிட்ட நூலில் திலகரை 'இந்தியக் கொந்தளிப்பின் தந்தை' என்று குற்றம் சாட்டும் தொனியில் எழுதினார். திலகர் லண்டன் சென்று அவதூறு வழக்குத் தொடுத்து நடத்தினார். 1919இன் தொடக்கத்தில் தோற்றார், பெரும் செலவுக்கும் ஆளானார். திலகரைத் தலைவராகக் கொண்ட பாரதியார், பத்தாண்டுப் புதுச்சேரி வாழ்வை முடித்து 1918 நவம்பரில் வெளியேறியபோது கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். ஏறத்தாழ அதே வாரங்களில்தான் திலகர் லண்டனில் அந்த வழக்குக்காகக் காத்திருந்தார். இந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு முதலில் கசப்புதான் வந்தது. பிறகு வாலண்டைன் பால் நினைவுக்கு வந்தார். 1864 முதல் 1881 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி, காடுகளில் நடந்தே கனிமங்களைத் தேடிய அயர்லாந்துக்காரர். பிரெஞ்சு வைர வணிகர் தாவெர்னியேவின் இந்தியப் பயண நூலை 1889இல் ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே.

இன்னொன்றை மறவாதீர்கள். பிரெஞ்சு எழுத்துமுறையில் ஆண்பால் பெயர் 'என்' (n) எழுத்தோடு முடிந்துவிடும். ஆங்கில வழக்கப்படி இறுதியில் 'ஈ' (e) என்ற எழுத்தைச் சேர்த்தால் பிரெஞ்சில் அது பெண்பால் பெயராகிவிடும். உங்கள் மனைவி பிரெஞ்சுக் குடியுரிமை உடையவராக இருந்து, துணைத் தூதரகத்திலும் பிறப்பைப் பதிவு செய்வதானால், இரண்டு சான்றிதழிலும் எழுத்து ஒன்றுபோல் இருக்க வேண்டும். பிறப்பைப் பதிவு செய்தபின் குழந்தையின் பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் இல்லை, ஆகவே அவசரப்பட வேண்டாம்.

உப்பளத்தான் (புதுச்சேரி):

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு இவை எல்லாவற்றையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். தெரஷ்கோவாவைப் பற்றிக் கேட்டபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. அவூய் பகுதியை மட்டும் மறுமுறை வாசிக்கச் சொன்னார். எழுத்தைப் பற்றிய எச்சரிக்கை எங்களைக் காப்பாற்றியது, ஏனெனில் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த தாளில் இறுதி 'ஈ' இருந்தது. கல்லறைக் கல்லில் மிஞ்சியிருக்கும் கடைசி எழுத்து 'என்'தான் என்பதை இன்று காலை நானே போய்த் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அப்படியே பதிவு செய்கிறோம். அக்கா இப்போதே அவனைத் 'தேனு' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்.