புதுப்பிப்பு: பங்குக் கோயில் சுவரில் ஈரம்

எங்கள் தேவாலயத்தில் பீடத்துக்கு இடப்புறச் சுவரில் பூச்சு உதிர்ந்து வெள்ளையாக உப்புப் பூக்கிறது, என்ன செய்யலாம் என்று போன மழைக்காலத்தில் கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் யாரோ எப்போதோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில் புறாக்கூடு வேறு! அதை எடுத்ததுமே பாதிக் கசிவு நின்றது.

சிமெண்டைக் கொத்தி எடுத்து, மாதக்கணக்கில் காயவிட்டு, இப்போது சுண்ணாம்புக் காரையே பூசுகிறோம். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் அது இறுகும், அவசரப்படுத்த முடியாது. அப்புறம், திருப்பலி, ஞானஸ்நானம், கல்யாணம் எதையும் நிறுத்தவில்லை. பூசை மணி அடித்ததும் கொத்தனார்கள் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நேற்று சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.