கூடிப் படித்தால் முயற்சி கூடுமா, குறையுமா?

உப்புவெளி வாசகி

என் மகள் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள். பிற்பகல்களில் தோழியருடன் திருகோணமலை நகரில் நூலகத்துக்குச் சென்று படிக்கிறாள். ஏற்கெனவே பழகிய இணைந்த கணிதக் கணக்குகளை வீட்டில் செய்வதைவிட அங்கே விரைவாகச் செய்து முடிக்கிறாள். ஆனால் புதிய வகைக் கணக்கொன்று வந்துவிட்டால் அங்கே தடுமாறுகிறாள். அதையே இரவில் தனியே இருந்து தெளிவாகச் செய்துவிடுகிறாள். இன்னொன்றும் சொல்கிறாள்: பாடசாலையில் குழுவாகச் செய்யும் ஒப்படைகளில் ஓரிருவரே வேலை முழுவதையும் சுமக்க நேர்கிறதாம். பிறர் உடனிருப்பது எப்போது உதவுகிறது, எப்போது கெடுக்கிறது என்பதை விளங்கப்படுத்த முடியுமா?

மூதூர் ஆசிரியர்

நீங்கள் கேட்டவை இரண்டு வேறு விடயங்கள். முதலாவதை மட்டும் எழுதுகிறேன். 1898இல் அமெரிக்க உளவியலாளர் நோர்மன் ட்ரிப்லெட், துவிச்சக்கரவண்டிப் பந்தயப் பதிவுகளில் தனியே ஓட்டுபவரைவிடப் பிறருடன் ஓட்டுபவர் விரைவாக ஓட்டுவதைக் கவனித்தார். பின்னர் சிறுவர்களைத் தூண்டில் நூல் சுருளியைச் சுற்றவைத்தும் அதனைச் சோதித்தார். பின்வந்த ஆய்வுகளில் சில, ஆள் இருந்தால் செயல் மேம்படுகிறது என்றன. சில, கெடுகிறது என்றன. இந்த முரணை 1965இல் ரொபர்ட் ஸாயொன்ஸ் ஒரே விளக்கத்துக்குள் கொண்டுவந்தார்: பிறர் அருகிலிருப்பது உடலையும் மனத்தையும் கிளர்ச்சியடையச் செய்கிறது, அக்கிளர்ச்சி, நமக்கு எந்தப் பதில் மிக எளிதாக வருமோ அதனையே முந்தித் தள்ளுகிறது. நன்கு பழகிய கணக்கில் முந்திவருவது சரியான வழியாகவும், புதிய கணக்கில் பெரும்பாலும் பிழையான வழியாகவும் இருக்கும். உங்கள் மகளிடம் காண்பது அப்படியே இதுதான்.

கரப்பான்பூச்சிகளைக்கூட இவ்வாறு சோதித்தார்கள். 1969இல் வெளியான அந்த ஆய்வில், வேறு கரப்பான்கள் சூழ இருந்தபோது அவை நேர்ப்பாதையில் விரைவாகவும் சிக்கலான பாதையில் மெதுவாகவும் ஓடின. எனினும் 1968இல் கொட்ரெல் என்பவர் நடத்திய சோதனையில், கண்கள் கட்டப்பட்டவர்கள் அருகில் இருந்தபோது இவ்விளைவு தோன்றவில்லை. ஆகவே மனிதரைப் பொறுத்தவரை, ஆள் இருப்பதைவிட அவர் நம்மை எடைபோடுகிறார் என்ற எண்ணமே கூடுதலாக வேலை செய்கிறது என்று நான் கருதுகிறேன்.

நிலாவெளியான்

ஒப்படை விடயத்துக்கு வருகிறேன். பிரான்சைச் சேர்ந்த வேளாண் பொறியியலாளர் ரிங்கெல்மான் 1913இல் வெளியிட்ட ஆய்வின்படி, எட்டுப் பேர் சேர்ந்து கயிறு இழுத்தபோது ஒருவரின் பங்கு அவர் தனியே இழுக்கும் விசையில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒருவர் இழுக்கும் கணத்தில் மற்றவர் இழுக்காமல் போவது இதற்கு ஒரு காரணம். ஆனால் 1974இல் இங்கமும் உடனாய்வாளரும், கண் கட்டப்பட்டவர்களிடம் பின்னால் வேறு ஆட்களும் இழுப்பதாக நம்பவைத்து உண்மையில் தனியே இழுக்கச் செய்தபோதும் விசை குறைந்தது. அது முயற்சியில் ஏற்பட்ட குறைவேயன்றி வேறில்லை. லட்டானே குழுவினர் 1979இல் கைதட்டுவதிலும் கூச்சலிடுவதிலும் இதனையே கண்டார்கள். ஒவ்வொருவரின் பங்கும் தனியே அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும் அந்தச் சோர்வு நீங்கியதை அவர்களே 1981இல் காட்டினார்கள்.

எங்கள் கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இதில் எனக்குத் தனி அக்கறை உண்டு. இழுப்போர் சேர்ந்து பாடும் அம்பாப் பாட்டு எல்லாரின் இழுவையையும் ஒரே கணத்துக்குள் கொண்டுவருகிறது. கயிற்றில் யார் தளர்கிறார் என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். வலையின் மடியில் வரும் மீனில் அவரவருக்குப் பங்கும் உண்டு. குழு ஒப்படையில் இம்மூன்றில் ஒன்றும் இருப்பதில்லை. எந்தப் பகுதியை யார் செய்தார் என்று ஒப்படையிலேயே எழுதச் சொல்லும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.

தம்பலகாமம் வாசகர்

மூதூர் ஆசிரியர் சொன்னது சரிதான். ஆனால் அளவைப் பெரிதாக்கிவிட வேண்டாம். 1983இல் பொண்டும் டைட்டஸும் 241 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செயற்றிறன் வேறுபாடுகளில் பிறர் இருப்பதால் விளைவது மிகச் சிறிய பகுதியே என்று கண்டார்கள். பரீட்சை மண்டபத்திலும் சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள், மேற்பார்வையாளரும் நடந்துகொண்டிருப்பார். ஆகவே நூலகத்தைக் கைவிடச் சொல்லமாட்டேன். புதிய அலகை வீட்டில் தனியே பழகி, அது கைவந்த பிறகு, கடந்தகால வினாத்தாள்களைத் தோழியருடன் நேரம் வைத்துச் செய்யட்டும்.

உப்புவெளி வாசகி

மூவருக்கும் நன்றி. அடுத்த அலகிலிருந்து இவ்வாறே செய்யச் சொல்கிறேன். ஒப்படையில் பெயர் குறிப்பது பற்றி வகுப்பாசிரியரிடம் நானே பேசுகிறேன்.